கொடிய ஃப்ளூ வந்தால் முதல் ஊசி யாருக்கு?

கொரோனா காலத்தில் தடுப்பூசி வரிசை எப்படிப் போனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 ஜனவரி 16-ல் மருத்துவப் பணியாளர்களிடம் ஆரம்பித்தார்கள், பின்னாலேயே போலீஸ், தூய்மைப் பணியாளர்கள் என்று முன்களத்தில் நின்றவர்கள், மார்ச் 1 முதல் 60 வயதானவர்களும் இணைநோய் உள்ள 45 தாண்டியவர்களும், ஏப்ரலில் 45-க்கு மேல் எல்லோரும், மே மாதம் 18-க்கு மேல். அடுத்து ஒரு பெருந்தொற்று வந்தால் இதே பட்டியலைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வருவது கொடிய இன்ஃப்ளூயன்சாவாக இருந்தால், அந்தப் பட்டியல் தவறான ஆட்களிடம் முதலில் ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

கொரோனாவில் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது, கணக்கு சுலபம். ஃப்ளூவுக்கு அப்படி ஒரே சுபாவம் கிடையாது. வழக்கமான பருவக் காய்ச்சலில் சாவு பெரும்பாலும் 65 வயதுக்கு மேல்தான். 1918-ல் வந்த ஃப்ளூ 20 முதல் 40 வயது வரை இருந்த திடகாத்திரமான ஆட்களை வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள், சில மதிப்பீடுகள் இரண்டு கோடி வரை போகின்றன, 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நம் நாட்டு மக்கள்தொகையே குறைந்தது. 2009-ல் வந்த பன்றிக்காய்ச்சலில் 60 தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, சின்ன வயதில் சந்தித்த பழைய வைரஸ்களின் புண்ணியத்தில், ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பு இருந்தது, அடி வாங்கியவர்கள் இளையவர்களும் கர்ப்பிணிகளும். ஆக, "வயதானவர்கள் முதலில்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதி வைக்க முடியாது. "குழந்தைகள் முதலில்" என்றும் முடியாது.

இன்னொரு சிக்கல் நேரம். ஃப்ளூ தடுப்பூசியில் பெரும் பங்கு இன்றைக்கும் கோழி முட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. புது வைரஸ் அடையாளம் தெரிந்து முதல் டோஸ் கைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் முதல் அலை வந்து போயிருக்கலாம். 2009-ல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. இலையுதிர் காலத்துக்குள் 12 கோடி டோஸ் என்று முதலில் பேச்சு, ஆகஸ்டில் அது 4.5 கோடியாகச் சுருங்கியது, அக்டோபர் முடிவில் 3 கோடிகூட வந்து சேரவில்லை, ஏனென்றால் வைரஸ் முட்டையில் எதிர்பார்த்தபடி வளரவில்லை. அலையோ அக்டோபர் கடைசியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. பணம் இருக்கிற நாட்டுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்கள் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. (பறவைக்காய்ச்சலே பெருந்தொற்றாக மாறினால் முட்டை போடும் கோழியே செத்துப்போகும் அபாயமும் சேரும். தடுப்பூசிக்கான முட்டைகள் தனிப் பாதுகாப்புள்ள பண்ணைகளில் இருந்து வருபவை, நாமக்கல் முட்டையை லாரியில் ஏற்றி அனுப்பிச் சமாளிக்கிற விஷயமில்லை.)

சரி, கையில் கொஞ்சமே இருக்கிறது, யாருக்குப் போடுவது? உலகத்தில் இதுவரை பேசப்பட்ட வழிகளைச் சுருக்கினால் ஐந்து வரும். வேலை முக்கியமானவர்களுக்கு முதலில். சாகும் ஆபத்து அதிகமானவர்களுக்கு முதலில். இன்னும் வாழ வேண்டியது மிச்சமிருக்கும் இளையவர்களுக்கு முதலில். நோயைப் பரப்புகிறவர்களுக்கு, அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில். இல்லையென்றால் குலுக்கல் அல்லது வரிசை.

கடைசியில் இருப்பதை முதலிலேயே முடித்துவிடலாம். முதலில் வருபவருக்கு முதலில் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும், நடைமுறையில் அது காலையில் லீவு போட முடிந்தவர், வண்டி வைத்திருப்பவர், விஷயம் முன்கூட்டியே காதில் விழுந்தவர் ஆகியோருக்கான இட ஒதுக்கீடு. 2004 அக்டோபரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஒரு தொழிற்சாலையின் உரிமம் நிறுத்தப்பட்டதில் அமெரிக்காவின் பருவ ஃப்ளூ தடுப்பூசி ஏறக்குறைய பாதி இல்லாமல் போனது. அப்போது கலிஃபோர்னியாவில் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற 79 வயது மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். அதே பருவத்தில் நியூ ஜெர்சியில் ஒரு ஊர் குலுக்கல் வைத்தது. நம் ஊரில் 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கோவின் தளத்தில் பதிவு கட்டாயம் என்றார்கள், ஸ்மார்ட்போனும் நல்ல நெட்டும் இருந்தவர்கள் சில நொடிகளில் இடத்தைப் பிடித்தார்கள், நகரத்திலிருந்து காரில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு, உச்ச நீதிமன்றமே இதைக் கேள்வி கேட்டது. குலுக்கல் வரிசையைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஐசியூ நர்ஸையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி பையனையும் ஒரே பானைக்குள் போட்டுக் குலுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரே தட்டில் இருப்பவர்களுக்குள் எண்ணிக்கை போதவில்லை என்றால் அப்போது குலுக்கட்டும்.

அடுத்தது பரப்புகிறவர்களை முதலில் தடுப்பது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதற்குப் பின்னால் நல்ல அனுபவம் இருக்கிறது. ஜப்பான் 1960-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டு வந்தது, பெரியவர்களுக்கு அவ்வளவாகப் போடவில்லை. 1987-ல் பெற்றோர் வேண்டாம் என்று சொல்லலாம் என்றார்கள், 1994-ல் திட்டமே நின்றது. அதற்குப் பிறகு முதியவர்களின் குளிர்கால இறப்பு ஏறியது. 2001-ல் வந்த ஒரு ஆய்வு, அந்தத் திட்டம் வருடத்துக்கு 37,000 முதல் 49,000 வரை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, சுமார் 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஒரு உயிர் என்று கணக்குச் சொன்னது. இந்த எண்ணை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பேரப்பிள்ளைக்குப் போட்ட ஊசி தாத்தா பாட்டியைக் காப்பாற்றும் என்பதை ஒத்துக்கொள்பவர்கள் நிறைய. 2009-ல் கணித மாதிரி வைத்து வந்த இன்னொரு ஆய்வும் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் வயதில் இருக்கும் முப்பதுகாரர்கள், இந்த இரண்டு கூட்டத்துக்கும் போட்டால்தான் மொத்தச் சேதம் குறையும் என்றது.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பரவலைத் தடுக்கும் வழி வேலை செய்ய டோஸ் நிறைய வேண்டும், அதுவும் அலைக்கு முன்னால் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு, புது வைரஸ் என்றால், இரண்டு டோஸ் தேவைப்படலாம் (2009-ல் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள்), நடுவில் சில வாரம் இடைவெளி, பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம். அலை உச்சத்தில் இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவது வெள்ளம் வீட்டுக்குள் வந்தபிறகு வாய்க்கால் தூர்வாருவது மாதிரி. தடுப்பூசி சீக்கிரம் வந்தால் இந்த வழிதான் என் முதல் தேர்வு, தாமதமாக வந்தால் இது கிட்டத்தட்ட கடைசி. வழக்கமாகத் தாமதமாகத்தான் வருகிறது.

சாகும் ஆபத்து அதிகமானவர்களுக்கு முதலில் என்பது இயல்பாகவே மனசுக்குப் பட்டுவிடும். 2005 நவம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட பெருந்தொற்றுத் திட்டத்தில், அதன் ஆலோசனைக் குழுக்கள் சொன்ன வரிசை இதையொட்டித்தான் இருந்தது. தடுப்பூசி தயாரிப்பவர்களும் மருத்துவப் பணியாளர்களும் முதலில், பிறகு நோயாளிகளும் முதியவர்களும், எந்தக் கோளாறும் இல்லாத 2 முதல் 64 வயதுக்காரர்கள் கடைசியில். பருவக் காய்ச்சலுக்கு இது பொருந்தும். இதிலிருக்கும் சங்கடம் என்னவென்றால், ஃப்ளூ தடுப்பூசி முதியவர்கள் உடம்பில் சரியாகப் பிடிப்பதில்லை, ஆபத்து அதிகம் இருக்கும் இடத்திலேயே மருந்தின் பலன் குறைவு. அதோடு 1918 மாதிரியான வைரஸ் வந்தால் "கோளாறு இல்லாதவர்கள் கடைசியில்" என்ற வரியே அவர்களுக்குச் சாவு ஓலையாகிவிடும்.

இங்கே 2016-ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வயதைப் பற்றிய மொத்தப் பேச்சையும் அது திருப்பிப் போட்டுவிட்டது. ஒருவர் சின்ன வயதில் முதன்முதலாகச் சந்தித்த ஃப்ளூ எந்த ரகமோ, அந்தக் குடும்பத்து வைரஸ்களிடம் அவருக்கு வாழ்நாள் முழுக்க ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 1968-ல் ஹாங்காங் ஃப்ளூ வந்தபோது ஊரில் சுற்றும் ரகம் மாறியது. அதனால் 1968-க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல் அவ்வளவு கொடூரமாக இல்லை, பின்னால் பிறந்தவர்களை அது அதிகம் தாக்குகிறது. எச்7என்9 என்ற இன்னொரு பறவைக்காய்ச்சலில் இது அப்படியே தலைகீழ். அதாவது வருகிற வைரஸின் பெயரில் இருக்கும் ஒரு எண், அப்பாவுக்கு முதலில் ஊசியா மகனுக்கு முதலில் ஊசியா என்பதையே மாற்றிவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வயதுப் பட்டியலை முன்கூட்டியே அச்சடித்து வைக்கச் சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஆபத்துப் பட்டியலில் வைரஸ் எதுவானாலும் நிலையாக நிற்கிறவர்கள் கர்ப்பிணிகள். 1918-லும் அவர்கள் அதிகமாக இறந்தார்கள், 2009-ல் அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் ஒரு சதவீதம், ஆனால் ஆரம்ப மாதங்களில் பதிவான இறப்புகளில் சுமார் 5 சதவீதம். அவர்களுக்குப் போடும் ஊசி பிறக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நேரடியாக ஃப்ளூ ஊசி போட முடியாது. ஒரே ஊசியில் இரண்டு உயிர். கொரோனாவில் நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 2-ம் தேதி, இரண்டாவது அலை ஆடி முடித்த பிறகு. தடுப்பூசி புதிது, கர்ப்பிணிகளிடம் சோதித்த விவரம் போதவில்லை என்ற காரணம் அங்கே இருந்தது. ஃப்ளூ ஊசிக்கு அந்தக் காரணம் செல்லாது, பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்டு வருகிறது.

இளையவர்களுக்கு முதலில் என்ற வாதம் 2006-ல் சூடு பிடித்தது. எசிகியேல் இமானுவேல், ஆலன் வெர்த்தைமர் என்ற இரண்டு மருத்துவ அறவியல் அறிஞர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: எல்லோருக்கும் வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களையும் கடக்க ஒரு வாய்ப்பு கிடைக்க வேண்டும், 70 வயதுக்காரர் அதைப் பார்த்துவிட்டார், 20 வயதுக்காரர் பார்க்கவில்லை. அதிலும் அவர்கள் கைக்குழந்தையை முதலில் வைக்கவில்லை. படித்து, வளர்ந்து, கனவுகளைச் சேர்த்து வைத்து இன்னும் அதை வாழ ஆரம்பிக்காத 13 முதல் 40 வயதுக்காரர்களை முன்னால் வைத்தார்கள். படிக்கும்போது தலை ஆடுகிறது. ஆனால் வீட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள், மூன்று வயதுப் பிள்ளையைப் பின்னால் நிறுத்திவிட்டு காலேஜ் படிக்கும் சித்தப்பாவை முன்னால் அனுப்பச் சொன்னால் எந்தக் குடும்பம் ஒத்துக்கொள்ளும்? முதியவர்கள் தரப்பிலும் ஒரு பதில் உண்டு, அது பலவீனமானதில்லை: இத்தனை வருஷம் வரி கட்டினோம், உங்களை வளர்த்தோம், இப்போது நாங்கள் கணக்கில் மிச்சமா? இருந்தாலும் நம் வீடுகளில் பாட்டிகளிடமே கேட்டால் பெரும்பாலோர் "பிள்ளைக்குப் போடு" என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்களாக விட்டுக்கொடுப்பது வேறு, அரசாங்கம் அவர்களிடமிருந்து எடுப்பது வேறு.

அமெரிக்க அரசு அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2007-ல் நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸிலும் நியூயார்க்கின் நசாவ் கவுண்டியிலும் பொதுமக்களைக் கூட்டி வைத்து, உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டது. சமூகம் ஓடிக்கொண்டிருக்கத் தேவையானவர்களையும், வேலையால் ஆபத்தில் நிற்பவர்களையும், பிள்ளைகளையும்தான் மக்கள் முன்னால் வைத்தார்கள். 2008-ல் வந்த வழிகாட்டுதல் அதன்படி மாறியது. கொடிய பெருந்தொற்றில் முதல் அடுக்கில் மருத்துவப் பணியாளர்கள், அவசர சேவை, களத்தில் இருக்கும் ராணுவம், தடுப்பூசி தயாரிப்பவர்கள், கூடவே கர்ப்பிணிகளும் 6 முதல் 35 மாதக் குழந்தைகளும். 65 தாண்டியவர்கள் நான்காவது அடுக்குக்குப் போனார்கள். மூன்றே வருஷத்தில் தாத்தா பாட்டிகள் மேலிருந்து கீழே இறங்கினார்கள், வைரஸ் ஒன்றும் மாறவில்லை, கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அந்த ஆட்கள் மாறினார்கள். யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பட்டியல் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மிதமான தொற்று என்றால் வேறு வரிசை என்றும் அதே ஆவணம் பிரித்து வைத்தது, அது எனக்குப் பிடித்த அம்சம்.

இப்போது முதலில் சொன்ன வழிக்கு வருகிறேன், வேலை முக்கியமானவர்களுக்கு முதலில். ஐந்து வழியிலும் யாரும் எதிர்க்காதது இதுதான், எனக்கு அதிக சந்தேகம் இருப்பதும் இதில்தான். நர்ஸ் படுத்தால் வார்டு படுக்கும், தடுப்பூசி ஆலையின் ஊழியர் படுத்தால் தடுப்பூசியே படுக்கும், இதில் விவாதமில்லை. தகராறு அடுத்த ஆளிடம் ஆரம்பிக்கிறது. டாக்டர் என்றால் ஐசியூ டாக்டரா, தோல் நோய் கிளினிக் வைத்திருப்பவரா? போலீஸ் என்றால் ஸ்டேஷன் காவலரா, அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவரா? லைன்மேன், குடிநீர் வாரிய பம்ப் ஆபரேட்டர், பால் வண்டி டிரைவர், ரேஷன் கடைக்காரர், வங்கி ஊழியர், ஆசிரியர், எம்எல்ஏ, நீதிபதி, பத்திரிகையாளர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமான காரணம் இருக்கிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஊடகத்தினரும் முன்களப் பணியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள், மழையிலும் மயானத்திலும் நின்று செய்தி சேகரித்தவர்களுக்கு அது தகும் என்று சொல்லலாம், ஆனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிறவரும் அதே அட்டையோடு வருவார். முதல் அடுக்கு இப்படித்தான் வீங்குகிறது. அமெரிக்காவின் 2008 திட்டத்தில் முதல் அடுக்கில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல்.

இன்னொரு பக்கத்தில், 2021 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு முதல் தவணையாக வந்தது சுமார் ஐந்தரை லட்சம் டோஸ். ஏழரை கோடிப் பேர் உள்ள மாநிலம். அந்த நிலையில் முதல் அடுக்கில் தேவையில்லாமல் சேரும் ஒவ்வொரு பெயரும் ஒரு கர்ப்பிணியின் டோஸ், இது மிகையில்லை, கூட்டல் கழித்தல் கணக்கு. குழந்தையா முதியவரா என்று டிவியில் இரவு முழுக்கப் பட்டிமன்றம் நடத்துவோம், அதற்குள் உண்மையான தீர்ப்பு "அத்தியாவசியம்" என்ற கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதிலேயே முடிந்திருக்கும்.

கதவு அகலமாக இருந்தால் யார் நுழைவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2009 அக்டோபர் கடைசியில் கனடாவின் கால்கரி நகரில் மக்கள் மணிக்கணக்கில் குளிரில் நின்றுகொண்டிருந்தபோது, உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியின் வீரர்களுக்கும் குடும்பத்துக்கும் தனியாக முகாம் போட்டு ஊசி போட்டார்கள், விஷயம் வெளியே வந்து சுகாதாரத் துறையில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு வேலை போனது. அடுத்த சில நாளில் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கிகளுக்கு டோஸ் போனது தெரிந்து ஊரே கொதித்தது, அங்கே விதிமீறல்கூட இல்லை, பெரிய நிறுவனங்களின் மருத்துவப் பிரிவுகளுக்கும் அனுப்பலாம் என்று ஏற்பாடு இருந்தது. விதிக்குள்ளேயே எழுதப்பட்ட ஓட்டை என்பது இதுதான்.

அதே நேரம் கதவுக்கு உள்ளே இருக்க வேண்டியவர்கள் வெளியே நிற்கும் கதையும் உண்டு. 1918-ல் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். காரணம் பலது, சத்துக்குறைவு அதில் ஒன்று, வீட்டில் படுத்தவர்களுக்கெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்கள்தான் என்பது இன்னொன்று. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் முன்களம் என்று எண்ணுகிற எந்தத் திட்டத்திலும் இவர்கள் வரமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், நிரந்தரப் பணியில் இருக்கும் டாக்டர் பெயர் முதல் நாளே ஏறிவிடும், ஒப்பந்தத்தில் வார்டு கூட்டுகிறவர், சலவைத் துணி எடுக்கிறவர், பிணவறை உதவியாளர் பெயரை ஏஜென்சிதான் அனுப்ப வேண்டும், அது அனுப்பும்போது அலை பாதி போயிருக்கும். வைரஸ் நியமன உத்தரவைப் பார்த்து ஒட்டுவதில்லையே.

இன்னொன்று, முதல் அடுக்கில் இருப்பவர்கள் ஊசிக்குக் கை நீட்டுவார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2010-ல் இந்திய அரசு மருத்துவப் பணியாளர்களுக்கென்றே 15 லட்சம் டோஸ் இறக்குமதி செய்தது, போட்டுக்கொள்ள வந்தவர்கள் குறைவு, பெரும் பங்கு தேங்கிப்போனது. பக்கவிளைவு பயம் ஒரு காரணம், அலை தணிந்துவிட்டது என்ற எண்ணம் இன்னொரு காரணம். பயத்தையும் கேலி செய்ய முடியாது. 1976-ல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் தலைகாட்டியதும் எல்லோருக்கும் ஊசி என்று கிளம்பி நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டார்கள், சுமார் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகக் கில்லன்-பாரே என்ற நரம்புப் பாதிப்பு வந்தது, பெருந்தொற்று வரவேயில்லை. ஆகவே ஒதுக்கிய டோஸை ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த அடுக்குக்குப் போய்விடும் என்ற விதி வேண்டும். மரியாதைக்காக ஃப்ரிட்ஜில் வைத்திருக்க முடியாது.

நாட்டுக்கு நாடு வரிசை என்று ஒன்றும் இருக்கிறது, அதில் நம் விருப்பத்துக்கு அவ்வளவு இடமில்லை. 2009-ல் ஆஸ்திரேலியா தன் நாட்டு ஆலையின் தடுப்பூசி முதலில் தன் மக்களுக்கு என்றது, அமெரிக்கா காத்திருந்தது. அதற்கு முன்பே, 2007-ல், இந்தோனேசியா எச்5என்1 மாதிரிகளைப் பகிர மாட்டோம் என்று நின்றது, வைரஸை எங்களிடம் வாங்கி ஊசியை எங்களுக்கே விற்பீர்களா என்ற நியாயமான கோபம். அதன் விளைவாக 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தில் ஒரு ஏற்பாடு வந்தது, 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தமும் ஏற்கப்பட்டது. காகிதம் சரிதான், நெருக்கடி வந்தால் ஆலை எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஃப்ளூ தடுப்பூசி செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன, 2010-லேயே பன்றிக்காய்ச்சலுக்கு உள்நாட்டுத் தயாரிப்பு வந்தது, அது பெரிய ஆறுதல்.

என் தேர்வைச் சொல்கிறேன், உடன்படாதவர்கள் உடன்பட வேண்டாம். முதல் அடுக்கு மிகச் சின்னது: ஃப்ளூ நோயாளியைத் தொடும் தூரத்தில் வேலை செய்யும் எல்லோரும், டாக்டரிலிருந்து ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், 108 டிரைவர், மயானத்தில் நிற்பவர் வரை, அப்புறம் தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர்கள், தடுப்பூசியும் ஆக்சிஜனும் தயாரிக்கும் ஆலைகளில் மாற்று ஆள் இல்லாதவர்கள். மின்சாரம், குடிநீர் இரண்டிலும்கூட, அந்த ஒருவர் படுத்தால் ஊரே இருட்டாகும் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் மட்டும். பதவி, பட்டம், துறை எதுவும் போதாது. பறவைக்காய்ச்சலாக இருந்தால், அது மனிதனுக்கு மனிதன் பரவும் முன்பே கோழிப்பண்ணைத் தொழிலாளர்களுக்குப் போட வேண்டும். பின்லாந்து 2024-ல் பண்ணைத் தொழிலாளர்களுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, நாமக்கல் இருக்கும் மாநிலம் அதைக் கவனிக்காமல் இருப்பது சரியில்லை.

அடுத்து கர்ப்பிணிகள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்கிறவர். இவர்கள் முகவரி ஏற்கெனவே செவிலியர் கையில் இருக்கும் பிக்மி என்ற கர்ப்பிணி-குழந்தைப் பதிவேட்டில் இருக்கிறது, புது ஆப் தேவையில்லை, அதுவே பாதி வேலையை முடித்துவிடும். மூன்றாவது அடுக்கை நான் காலியாக விடுவேன். முதல் இரண்டு மாதத்து ஆஸ்பத்திரிக் கணக்கு வந்த பிறகு, இந்த வைரஸ் எந்த வயதைக் கொல்கிறதோ அந்த வயது அங்கே ஏறட்டும், அலைக்கு முன்பே டோஸ் குவிந்துவிட்டால் அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறட்டும். இதில் எது, யார் முடிவு செய்வது, எந்தத் தேதிக்குள், என்பதை மட்டும் இப்போதே எழுதி எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட வேண்டும். வயது எண்ணை இப்போதே எழுத வேண்டாம்.

1957-ல் ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்ததே சென்னை வழியாகத்தான், மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில். அடுத்த ஒன்பது மாதத்தில் நாடு முழுக்கப் பதிவானது மட்டும் 44 லட்சம் பேருக்கு மேல், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்து ஆட்கள்தான் வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் நம் துறைமுகத்துக்கு வர ஒரு கப்பல் பயணம் போதுமாக இருந்தது, இப்போது நாலு மணி நேர விமானம். ஆஸ்பத்திரிக் கணக்கு வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று நான் சொல்வதில் இருக்கும் பலவீனமும் இதுதான், இரண்டு மாதம் என்பது ஃப்ளூவுக்கு நீண்ட காலம். ஆனால் தடுப்பூசி வரவே ஐந்து மாதம் என்னும்போது அந்தக் கணக்கெடுக்க நேரம் இருக்கிறது, கணக்கை ஒழுங்காக எடுத்தால். வயது, கர்ப்பமா, இணைநோயா என்று இறப்புப் பதிவில் உண்மையாக எழுதினால்தான் இது நடக்கும், கொரோனாவில் அதில் எவ்வளவு தகராறு நடந்தது என்று தெரியும்.

ஒரு சின்ன விஷயம் மிச்சமிருக்கிறது, எந்தத் திட்ட ஆவணத்திலும் அதற்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ், திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஃப்ளூ தடுப்பூசியும் இப்படித் திறந்ததும் தீர்க்க வேண்டிய குப்பியில் வந்தால் இந்தத் தொல்லை இருக்கும். சாயங்காலம் நாலரை மணிக்கு ஆறு பேர் வந்திருக்கிறார்கள், குப்பியைத் திறந்தாயிற்று, நாலு டோஸ் மிச்சம். அந்த நாலு யாருக்குப் போகும் என்று விதி இல்லாவிட்டால் கவுன்சிலர் வீட்டுக்கு போன் போகும், அல்லது கொட்டப்படும். கேரளத்து நர்சுகள் 2021-ல் ஒரு சொட்டு வீணாக்காமல் பத்து டோஸ் குப்பியிலிருந்து பதினோராவது டோஸும் எடுத்தார்கள் என்று பிரதமரே பாராட்டினார். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பக்கத்தில் ஒரு காத்திருப்போர் நோட்டும் வேண்டும். அடுத்த அடுக்கில் இருந்து, சுகாதார நிலையத்துக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கும் இருபது பேரின் பெயரும் போன் நம்பரும், குலுக்கிப் போட்ட வரிசையில், காலையிலேயே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், போன் எடுத்து அரை மணியில் வரவில்லை என்றால் அடுத்த பெயர்.